அத்தியாயம் 7: பெட்டியா, பிளக்-இன்னா?

ஒரு மெல்லிசைப் பாட்டு. பாடகரின் குரலை ரேக்கில் இருந்த கம்ப்ரெஸர் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் வரியை இழுத்துப் பாடும்போதெல்லாம் மீட்டரின் முள் ஐந்து டெசிபல் வரை இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது. பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்த இசையமைப்பாளர், "இதுதான் சார் வேணும். பிளக்-இன்ல இந்தக் கனம் வராது" என்றார். நானும் தலையாட்டினேன். அவர் போன பிறகு, இரவு பன்னிரண்டு மணிக்கு, செஷனைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ரிட்டர்ன் சேனலை நான் திறக்கவே இல்லை. பெட்டிக்குள் போன குரல் வெளியே வரவில்லை. இரண்டு பேரும் அரை மணி நேரம் ரசித்தது கம்ப்ரெஸரே தொடாத பச்சைக் குரலை.

அதன் பிறகு, "நிஜப் பெட்டிக்கு எமுலேஷன் ஈடாகுமா?" என்று யார் கேட்டாலும், "எப்படி ஒப்பிட்டுப் பார்த்தீங்க?" என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். ஆடும் முள், கனலும் வால்வு, குமிழைத் திருகும்போது விரலுக்குத் தெரியும் கனம், எல்லாம் சேர்ந்துதான் காதுக்குச் செய்தி சொல்கின்றன. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிக்ஸிங்குக்குப் பிளக்-இன் போதும். பெட்டிக்கென்று பணம் வைத்திருந்தால் அதை மைக்குக்கும் கன்வெர்ட்டருக்கும் இடையிலுள்ள சில அடி தூரத்தில் செலவழியுங்கள்.

நகலெடுக்க எளிதானவை, முரண்டு பிடிப்பவை

எல்லாக் கருவிகளையும் ஒரே அளவுக்கு நகலெடுக்க முடியாது. இஎம்டி 140 பிளேட் ரிவர்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய எஃகுத் தகடு, அதை அதிர வைக்க ஒரு டிரைவர், அதிர்வை எடுக்கப் பிக்கப்கள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 270 கிலோ. நம் ஊர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிப்ட்டில் ஏறாது. ஆனால் நகலெடுக்க இது சாதுவான பிராணி. மெதுவாகத் தட்டினாலும் பலமாகத் தட்டினாலும் வால் ஒரே வடிவத்தில்தான் வரும், அளவு மட்டும்தான் மாறும். ஒரு முறை அந்த வாலைச் சரியாகப் பதிவு செய்துவிட்டால், கணக்குப் போட்டு எந்தக் குரலுக்கும் அதை ஒட்டவைத்துவிடலாம். பிளேட் ரிவர்புக்கு இன்று யாராவது நிஜத் தகடு வாங்க வேண்டும் என்றால் அது ஆசைக்காகத்தான் இருக்கும்.

பல்டெக் ஈக்யூபி-1ஏ ஈக்யூவும் அதே ஜாதி. காயிலும் கெப்பாசிட்டரும் கொண்டு செய்த பேஸிவ் ஃபில்டர், பின்னால் இழந்த சத்தத்தை ஈடுகட்ட ஒரு வால்வு ஆம்ப். 60 ஹெர்ட்ஸில் பூஸ்ட், அட்டென்யுவேட் இரண்டு குமிழ்களையும் ஒன்றாகத் திருப்பினால் அடி உயரும், அதற்குச் சற்று மேலே ஒரு சின்னப் பள்ளம் விழும். கிக் டிரம்முக்கு எல்லோரும் செய்யும் வித்தை. பிளக்-இன்னிலும் அந்தப் பள்ளம் அதே இடத்தில் விழுகிறது.

முரண்டு பிடிப்பவை கம்ப்ரெஸர்கள். உள்ளே வரும் ஒலியைப் பொறுத்துத் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்பவை அவை. 1967இல் பில் பட்னம் வடிவமைத்த 1176, எஃப்இடி டிரான்சிஸ்டரை மின்னழுத்தத்தால் மாறும் ரெசிஸ்டராக வைத்து வேலை செய்கிறது. அதற்கு த்ரெஷோல்ட் குமிழே கிடையாது. இன்புட்டை ஏற்ற ஏற்ற அமுக்கம் கூடும். அட்டாக் குமிழ் வேறு தலைகீழ்: 7இல் வைத்தால்தான் அதிவேகம். அந்த வேகம் 20 மைக்ரோசெகண்ட். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிளுக்கும் அடுத்த சாம்பிளுக்கும் இடைவெளி 20.8 மைக்ரோசெகண்ட். இரண்டு சாம்பிளுக்கு நடுவிலேயே நிஜப் பெட்டி வேலையை முடித்துவிடுகிறது என்று பொருள். தவிலில் குச்சி விழும் அந்த முதல் கணத்தைப் பிடிக்க, நகலெடுப்பவர் உள்ளுக்குள் சாம்பிள் ரேட்டைப் பல மடங்கு ஏற்றிக் கணக்குப் போட வேண்டும். ஆரம்ப கால எமுலேஷன்கள் இதில்தான் சறுக்கின.

எல்ஏ-2ஏ வேறு மாதிரி. 1960களின் தொடக்கத்தில் ஜிம் லாரன்ஸ் உருவாக்கியது. நடுவே டி4 என்ற செல் இருக்கிறது. அதற்குள் மினுங்கும் ஒரு பலகை, எதிரே காட்மியம் சல்ஃபைடு ஒளி உணரி. குரல் உயர்ந்தால் பலகை பிரகாசமாகும், உணரியின் மின்தடை குறையும், சத்தம் அமுங்கும். உச்சி வெயிலில் நடந்துவிட்டு சினிமா தியேட்டருக்குள் நுழைந்தால் நாற்காலி தெரியக் கொஞ்ச நேரம் ஆகுமே, அந்த உணரிக்கும் அதே சுபாவம். வெளிச்சம் எவ்வளவு நேரம் பட்டதோ அதைப் பொறுத்து அது மீளும் நேரமும் நீளும். முதல் பாதி மீள 60 மில்லிசெகண்ட் போதும். மிச்சம் மீள அரை விநாடியும் ஆகலாம், ஐந்து விநாடியும் ஆகலாம். சங்கதியை நீட்டிப் பாடிவிட்டு மூச்சுவிடும் பாடகிக்கு எல்ஏ-2ஏ அவ்வளவு இதமாக இருப்பது பட்ட வெளிச்சத்தை உணரி இப்படி மெதுவாக மறப்பதால்தான். இன்றைய நல்ல எமுலேஷன்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

இன்னொன்று. "1176 மாதிரி இல்லையே" என்பவரிடம் "எந்த 1176?" என்று கேட்க வேண்டும். அந்தப் பெட்டி பல ரிவிஷன்களாக வந்தது. நீலப் பட்டை போட்ட முதல் வரிசையும் பின்னால் வந்த கறுப்பு முகமும் ஒரே குணம் கொண்டவை அல்ல. ஒரே ரிவிஷனில் இரண்டை அருகருகே வைத்தாலும், ஐம்பது ஆண்டு வெயிலும் மழையும் பார்த்த கெப்பாசிட்டர்கள் ஒரே மாதிரி இருக்காது. வேவ்ஸ், யுனிவர்சல் ஆடியோ, ஆர்ட்டூரியா மூன்றிடமும் 1176 நகல் உண்டு. மூன்றும் மூன்று விதமாகப் பேசுகின்றன.

காதைச் சோதிக்கும் முறை

ஒலியில் ஒரு டெசிபல் கூடினால் நமக்கு "சத்தம் கூடியது" என்று தோன்றாது, "நன்றாக இருக்கிறது" என்று தோன்றும். சத்தம் ஏற ஏற அடியும் மேலும் அதிகமாகக் கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். பெட்டிகளைப் பற்றிய சண்டையில் பாதி இந்த ஒரு டெசிபலில் முடிந்துவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரே குரல் டேக். அதைப் பெட்டி வழியாக அனுப்பித் திரும்பப் பதிவு செய்யுங்கள். அதே டேக்கில் பிளக்-இன்னைப் போட்டு, மிகப் பலமான வரியில் இரண்டு முள்ளும் ஒரே அளவு சாயும்படி வையுங்கள். குமிழ் எண்களை ஒத்துவைக்க முயலாதீர்கள், அவை ஒத்துப்போகாது. இரண்டு டிராக்கையும் சாம்பிள் கணக்கில் நேராக்கி, லவுட்னஸ் மீட்டரில் 0.1 டெசிபல் வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள். பிறகு ரூமை விட்டு வெளியே போங்கள். நண்பர் ஒருவர் ஃபைல்களுக்கு வேறு பெயர் வைத்து, மாற்றி மாற்றிப் போடட்டும். பத்து முறை கேட்டு, எது பெட்டி என்று எழுதுங்கள். ஐந்தோ ஆறோ சரியென்றால் நாணயம் சுண்டியதற்குச் சமம். எட்டு சரியாக வருவதுகூடக் குருட்டு அதிர்ஷ்டத்தில் இருபதில் ஒரு முறை நடக்கக் கூடியதுதான். ஒன்பது வந்தால் உங்கள் காதை நம்பலாம்.

சிலர் நல் டெஸ்ட் செய்வார்கள். ஒரு டிராக்கின் பொலாரிட்டியைத் திருப்பி, மற்றதோடு கூட்டி, மிச்சம் என்ன கேட்கிறது என்று பார்ப்பது. மிச்சம் கேட்டவுடன் "பாத்தியா!" என்று குதிப்பார்கள். அவசரப்பட வேண்டாம். அதே பெட்டி வழியாக அதே டேக்கை இரண்டு முறை அனுப்பி, அந்த இரண்டையும் கூட்டிப் பாருங்கள். அதிலும் மிச்சம் இருக்கும். பெட்டி தன்னோடு தானே எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரிந்த பிறகு பிளக்-இன்னின் மிச்சத்தைப் பற்றிப் பேசலாம்.

−18: பெரும்பாலான புகார்களின் வேர்

என்னிடம் வரும் ஹோம் ஸ்டூடியோ செஷன்களில் பாதியில் குரல் −3 வரை ஏற்றிப் பதிவாகி இருக்கும். அதன் மேல் நேரடியாக 1176 எமுலேஷன். "பிளக்-இன் கடிக்கிறது சார்" என்பார்கள். கடிக்கத்தான் செய்யும்.

நிஜப் பெட்டிகள் +4 டிபியூவைத் தங்கள் இயல்பான அளவாகக் கொண்டவை. மின்னழுத்தத்தில் 1.23 வோல்ட், வி.யூ. மீட்டரில் 0. எமுலேஷன் எழுதியவர்கள் பலர் அந்த 0வை −18 டிபிஎஃப்எஸ்ஸுக்கு இணையாக வைக்கிறார்கள். அதற்கு மேல் உள்ளது ஹெட்ரூம். சராசரி −8இல் இருக்கும் குரலை உள்ளே விட்டால், நிஜ வாழ்க்கையில் பெட்டிக்குப் பத்து டெசிபல் அதிகமாகக் கொடுத்ததற்குச் சமம். த்ரெஷோல்ட் இல்லாத 1176இல் அது நேராக அமுக்கமாகவும் கரகரப்பாகவும் மாறும்.

பிளக்-இன்னுக்கு முன்னால் ஒரு டிரிம் போட்டு, குரலின் சராசரி −18ஐச் சுற்றி இருக்கும்படி இறக்குங்கள். சில பிளக்-இன்களில் இந்த அளவை மாற்றும் குமிழ் ஓரமாக ஒளிந்திருக்கும், கையேட்டைப் பாருங்கள். காசில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் இது.

ஜால்ரா மடங்கும் கதை

எமுலேஷன் நிஜமாகவே தோற்கும் ஓர் இடம் இது. நாதஸ்வரக் கச்சேரிப் பதிவில் தாளம் போடுகிறவரின் ஜால்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 8 கிலோஹெர்ட்ஸில் பலமான ஒலி இருக்கிறது என்று வைப்போம். சாச்சுரேஷன் கொடுக்கும் எந்தக் கருவியும் அதன் மடங்குகளை உண்டாக்கும்: மூன்றாவது ஹார்மோனிக் 24 கிலோஹெர்ட்ஸ், ஐந்தாவது 40. நிஜப் பெட்டியில் இவை நம் காதுக்கு எட்டாத உயரத்தில் தங்கள் பாட்டில் போய்விடும். 44.1 கிலோஹெர்ட்ஸ் செஷனில் 22.05க்கு மேல் எதற்கும் இடமில்லை. அங்கே போக முயன்ற ஒலி சுவரில் மோதித் திரும்பும். 24 என்பது 20.1 ஆகும், அது பரவாயில்லை. 40 என்பது 4.1 கிலோஹெர்ட்ஸாக இறங்கும். காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில், ஜால்ராவின் சுருதிக்கு எந்த உறவும் இல்லாத ஓர் ஒலி. "டிஜிட்டல் கரகரப்பு" என்று நாம் சலித்துக்கொள்வதில் இந்த ஏலியாஸிங்குக்குப் பெரும் பங்கு உண்டு.

மருந்து ஓவர்சாம்ப்ளிங். நான்கு மடங்கு வைத்தால் பிளக்-இன்னுக்குள் சுவர் 88.2க்கு நகர்கிறது. 24உம் 40உம் உள்ளேயே அடங்கி, வெளியே வரும் முன் வடிகட்டப்பட்டுவிடும். கம்ப்யூட்டர் திணறினால் எல்லா டிராக்கிலும் வேண்டாம். ஜால்ரா, கஞ்சிரா, ஹைஹேட், 'ஸ்' அதிகம் உள்ள குரல், இவற்றுக்கு மட்டுமாவது போடுங்கள்.

பெட்டி வெல்லும் சில அடி

இப்போது மைக் பக்கம் வருவோம். ஒலி எண்ணாக மாறும் முன் நடப்பவற்றைப் பிறகு எந்தப் பிளக்-இன்னாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

வீணையில் ஒட்டும் பீசோ பிக்கப்பைப் பாருங்கள். மின்சாரக் கண்ணோட்டத்தில் அது ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். அதன் அளவு 10 நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 10 கிலோஓம் லைன் இன்புட்டில் சொருகும்போது சுமார் 1,600 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் கரையத் தொடங்கும். வீணை தகர டப்பா மாதிரி கேட்கும். அதையே 1 மெகாஓம் இன்புட்டில் சொருகினால் கரைவது 16 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும், மந்தர ஸ்தாயி முழுதாக வரும். "பரவாயில்ல, மிக்ஸ்ல ஈக்யூ போட்டு ஏத்திடலாம்" என்பவர் இரைச்சலையும் சேர்த்து ஏற்றுவார். ஒரு நல்ல டிஐ பெட்டி இந்த வேலையைச் செய்யும். பெட்டிகளில் முதலில் வாங்க வேண்டியது இதுதான், கம்ப்ரெஸர் பிறகு.

மைக்குக்கும் அப்படித்தான். நீவ் 1073இல் இன்புட் இம்பீடன்ஸை 300க்கும் 1200 ஓமுக்கும் மாற்றும் வசதி உண்டு. ரிப்பன் மைக்கைச் சொருகி அதை மாற்றினால் குரலின் உடம்பே மாறும், மைக் அந்தச் சுமையை உணர்கிறது. 1073 பிளக்-இன்னில் எந்தக் குமிழைத் திருகினாலும் மைக்குக்குத் தெரியாது, அது ஏற்கனவே பாடி முடித்துவிட்டது. யுனிவர்சல் ஆடியோ 2014இல் கொண்டுவந்த யூனிசன் இந்த ஓட்டையை அடைக்கத்தான், பிளக்-இன் சொல்படி இன்டர்ஃபேஸில் உள்ள பிரீஆம்பின் இம்பீடன்ஸே மாறும். பிளக்-இன் வெல்வதற்கு நிஜப் பாகம் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது ஹெட்ஃபோன். கம்ப்ரெஸ் ஆன தன் குரலைக் கேட்டுப் பாடுபவர் வேறு விதமாகப் பாடுவார். தாழ்ந்த வரிகளைக் கத்தாமல் நம்பிக்கையோடு விடுவார். இதைப் பிளக்-இன்னில் கொடுக்க வேண்டும் என்றால் பஃபர் வழியாகத்தான். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் போக 5.3, வர 5.3 மில்லிசெகண்ட், கன்வெர்ட்டர் தன் பங்கைச் சேர்க்கும். பன்னிரண்டு அடி தள்ளி நின்று யாரோ நம் குரலில் பாடுவது போல இருக்கும். அனுபவமுள்ள பாடகி ஒருவர் எனக்கு இதை ஒரே வரியில் சொன்னார்: "தம்பி, என் பின்னாடி யாரோ நிக்கிறாங்க." அன்று பஃபரை 64க்கு இறக்கினேன். கம்ப்யூட்டர் முனகியது, அவர் பாடி முடித்தார். பெட்டியில் இந்தத் தொல்லை இல்லை.

பெட்டி வழியாகப் பதிவு செய்யும்போது இரண்டு மூன்று டெசிபலுக்கு மேல் அமுக்காதீர்கள். அமுக்கிப் பதிந்ததை நீட்ட முடியாது. பயமாக இருந்தால் பிரீஆம்பிலிருந்து ஒலியைப் பிரித்து, பச்சையாக இன்னொரு டிராக்கிலும் எடுத்துவையுங்கள்.

மிக்ஸில் பெட்டியைச் சேர்க்க நினைத்தால்

முடியாது என்று சொல்லவில்லை. இன்டர்ஃபேஸின் ஒரு லைன் அவுட்டிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து லைன் இன்னுக்கு. டிஏடபிள்யூவில் வெளிக்கருவி இன்செர்ட்டைப் போட்டு பிங் பொத்தானை அழுத்தினால் தாமதத்தை அதுவே அளந்து ஈடுகட்டும். (ரிட்டர்ன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்!) ஐந்து நிமிடம் ஓடவிட்டால்தான் ஐந்து நிமிடப் பாட்டு பதிவாகும். ஒரு பெட்டி ஒரு டிராக்குக்கு, அதே பிளக்-இன்னை முப்பது டிராக்கில் போடலாம்.

ஆனால் தலைவலி ரீகால்தான். மூன்று வாரம் கழித்து இயக்குநர் போன் பண்ணி, "பல்லவியில மட்டும் வாய்ஸ் கொஞ்சம் முன்னாடி வரணும்" என்பார். பிளக்-இன் செஷன் திறந்தவுடன் அப்படியே இருக்கும். பெட்டியின் குமிழ்கள் நேற்று வந்த வேறொரு பாட்டுக்குத் திரும்பியிருக்கும். ஆகவே பெட்டியில் போட்டதை உடனே தனி டிராக்காகப் பதிவு செய்யுங்கள், முகப்பை மொபைலில் படமெடுங்கள், டிராக் பெயரிலேயே அமைப்பை எழுதுங்கள்: "வாய்ஸ் 1176 இன்24 அவுட்18 அ3 ரி7 ரே4". அசிங்கமாகத்தான் இருக்கும். மூன்று வாரம் கழித்து அழகாகத் தெரியும்.

செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்குகிறவருக்கு

புது எல்ஏ-2ஏ ஒன்று நம் ஊருக்கு வந்து சேரும்போது விலை லட்சங்களில் நிற்கும், எனவே பழையதைத் தேடுவீர்கள். வால்வு, டி4 செல் இரண்டும் தேய்மானப் பொருட்கள், எப்போது மாற்றியது என்று கேளுங்கள். ஸ்டீரியோவுக்கு இரண்டு வாங்கினால் இரண்டின் முள்ளும் ஒரே குரலுக்கு ஒன்றாகச் சாய்கிறதா என்று பாருங்கள், செல்கள் ஜோடி பொருந்தாவிட்டால் பாட்டின் நடுப்பகுதி பக்கத்துக்குப் பக்கம் நகரும். எல்லாக் குமிழையும் முழுதாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிக் கேளுங்கள். கடற்கரை ஊர்க் காற்றில் பொட்டென்ஷியோமீட்டர்கள் சீக்கிரம் கரகரக்கும், அது ஸ்ப்ரே அடித்தால் போகிற வியாதியா என்று டெக்னீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு எதிரி சூடு. பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கைக்கணக்கு. வால்வு கருவிக்கு மேலேயும் கீழேயும் ரேக்கில் ஒரு யூனிட் காலியாக விடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பெட்டி 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸைக் கூட்டாது. 50 ஹெர்ட்ஸில் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். ஒரு மணி நேரம் ஓடவிட்டு மேல்மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அதற்கும் முன்னால், பெட்டியைப் பின்பக்கம் திருப்பி, மின்னழுத்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். என் முதல் கம்ப்ரெஸரை நான் அப்படித் திருப்பிப் பார்க்கவில்லை. பிளக்கைச் சொருகியதும் 'டப்' என்று ஒரு சத்தம். ஃபியூஸ் மட்டும் போனது, அது என் அதிர்ஷ்டம். இப்போதும் அந்த ரேக்கின் பின்னால் சிவப்பு மார்க்கரில் 230 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.